உள்ளே முளைக்கும் மொட்டு



தமிழில் 'மெய்' என்னும் சொல்லுக்கு உண்மை என்பதும் பொருள். உடம்பு என்பதும் பொருள். கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்தை அடுத்து, வெள்ளாற்றின் அருகே அமைந்த பெண்ணாடம் என்னுடைய ஊர். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்த ஊர் அதுவே. உண்மையைக் கண்ட அப்பெரியாரைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை. நான் மருத்துவத் தொழில் செய்பவன். ஆகவே, அச்சொல்லின் இரண்டாம் பொருளை எடுத்துக்கொண்டு, நம் மெய்க்குள்ளே நாம் அறியாமல் முளைக்கின்ற ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதன் பெயர் பாலிப்.

நான் ஏழாம் வகுப்பில் படித்த காலத்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழன் ஒருவன். நீச்சலில் அவனை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை. கோடை விடுமுறை வந்துவிட்டால் பொழுது விடிவது முதல் அந்தி சாயும் வரை குளத்திலேயே கிடப்போம். ஒரு கரையில் எருமைகள் கிடக்கும். மறு கரையில் நாங்கள். நீர் வற்ற வற்ற அடிச்சேற்றை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் பூசிக்கொள்வோம். ஒரு நாள் வகுப்பில் அவன் தும்மினான். வெள்ளைச் சட்டையின் முன்புறம் முழுவதும் இரத்தம். 'சில்லுமூக்கு உடைந்துவிட்டது' என்றார் ஆசிரியர். 'உடம்புச் சூடு' என்றார் அவன் பாட்டி. நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். இரத்தம் நிற்பதும் வருவதுமாக ஓராண்டு கழிந்தது. ஒரு பக்கத்து நாசி அடைத்துக்கொண்டது. பேச்சு மூக்கால் வந்தது. கடைசியில் நாசியின் விளிம்பில் செக்கச்செவேலென்று ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. அப்போதுதான் அவனை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள்.

அவன் கதையைப் பின்னர் முடிக்கிறேன். முதலில் பாலிப் என்பது என்ன என்று காண்போம்.

நம் உடம்பின் வெளிப்புறத்தைத் தோல் போர்த்தியிருக்கிறது. அதுபோல, உடம்பின் உள்ளே காற்றும் உணவும் கழிவும் செல்கின்ற வழிகளையெல்லாம் ஈரமான மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அதற்குச் சளிச்சவ்வு என்று பெயர். மூக்கு, தொண்டை, இரைப்பை, குடல், கருப்பை, பித்தப்பை ஆகிய எல்லாவற்றின் உட்சுவரிலும் இத்தகைய உறை உண்டு. இந்த உறையின் ஓர் இடம் மட்டும் புடைத்துக் கிளம்பி, உட்புற வெளியை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்குமாயின், அப்புடைப்பையே பாலிப் என்கிறோம். சில, காம்புடன் தொங்கும் காய் போல இருக்கும். சில, காம்பின்றிச் சுவரோடு ஒட்டிய மேடு போல இருக்கும். கடுகளவு சிறியனவும் உண்டு. எலுமிச்சம்பழ அளவு பெரியனவும் உண்டு. 'மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது', 'கருப்பையில் சதை வளர்ந்திருக்கிறது' என்று நம் ஊர்களில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவற்றுள் பல பாலிப்புகளே.

பெயரின் வரலாறு சுவையானது. கிரேக்க மொழியில் இச்சொல்லுக்குப் 'பல கால்கள் உடையது' என்று பொருள். கடலில் வாழும் எண்காலியை அவர்கள் அப்படி அழைத்தார்கள். மூக்கினுள் கிடந்து பல பக்கமும் கிளைவிடும் சதையைக் கண்டபோது அவர்களுக்கு அந்தக் கடலுயிரின் நினைவு வந்தது போலும். அதை நீக்க, கடற்பஞ்சை நூலில் கட்டி, மூக்கு வழியே செலுத்தி, வாய் வழியே இழுத்தெடுக்கும் முறையைக் கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரடீசின் பெயரால் வழங்கும் நூல்கள் கூறுகின்றன. நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதையோ மூக்கில் வளரும் சதையையும் ஆசனவாயில் வரும் மூலத்தையும் 'அர்சஸ்' என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றது. உள்வழிகளில் எங்கே சதை முளைத்தாலும் அதற்கு ஓர் உறவு உண்டு என்று அக்காலத்தவர் எண்ணியிருக்கிறார்கள்.

ஆனால் எல்லாப் பாலிப்புகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. தோற்றம் ஒன்றாயினும் பிறப்பு வேறு. சவ்வு நெடுநாள் அழற்சியுற்று வீங்கித் தொங்குவதால் உண்டாவன ஒரு வகை. வெளியிலிருந்து புகுந்த ஓர் உயிரி சவ்வைத் தூண்டிவிடுவதால் உண்டாவன மற்றொரு வகை. உயிரணுக்கள் தம் வளர்ச்சியின் ஒழுங்கை இழந்து பெருகுவதால் உண்டாவன மூன்றாம் வகை. ஆபத்து எவ்வளவு என்பது இந்தப் பிறப்பைப் பொறுத்தது. கண்ணால் பார்த்து மட்டும் அதைத் தீர்மானிக்க இயலாது. வெட்டியெடுத்த சதையை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்த பின்னரே, 'இது இன்னது' என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டு, மூக்கில் வரும் சாதாரணப் பாலிப். தோலுரித்த திராட்சைப் பழம் போல வெளுத்து, பளபளத்து, ஒளி ஊடுருவுமாறு இருக்கும். தொட்டால் வலிக்காது. பெரும்பாலும் இரு நாசிகளிலும் இருக்கும். நாட்பட்ட ஒவ்வாமை, ஆஸ்துமா, முகஎலும்புகளிலுள்ள காற்றறைகளின் அழற்சி ஆகியவற்றுடன் சேர்ந்து வரும். மூக்கடைப்பும் மணம் அறியாமையும் இதன் அடையாளங்கள். மல்லிகையின் மணமும் தெரியாது. அடுப்பில் பால் தீய்வதும் தெரியாது. இது உயிருக்குக் கேடு செய்வதில்லை. மூக்கில் தெளிக்கும் மருந்தாலும், தேவைப்பட்டால் அறுவையாலும் குறையும். ஆயினும் மீண்டும் வளரும் இயல்பு உடையது. ஒரு பக்கத்து மூக்கில் மட்டும் அடைப்பும் இரத்தமும் இருக்குமானால், அதைச் சாதாரணப் பாலிப் என்று நினைத்து இருந்துவிடலாகாது.

என் தோழனுக்கு வந்தது இரண்டாம் வகை. அது நம் மண்ணுக்கும் நீருக்கும் மிகவும் உரியது. ரைனோஸ்போரிடியோசிஸ் என்பது அதன் நீண்ட பெயர். உலகில் இந்நோய் காணப்படும் இடங்களுள் முதன்மையானவை இந்தியாவும் இலங்கையுமே. இந்தியாவில் தமிழ்நாடு அதற்குப் பேர்போனது. முதன்முதலில் இதை விளக்கியவர் தென்னமெரிக்காவின் புவனஸ் அயர்ஸ் நகரில் மருத்துவம் பயின்ற கில்லெர்மோ சீபர், ஆண்டு 1900. மூன்றாண்டுகளில், 1903இல், கல்கத்தாவில் ஓகினீலி என்ற மருத்துவர் இந்தியாவில் கண்ட நோயை எழுதினார். 1923இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஆஷ்வொர்த் என்ற உயிரியலறிஞர் இவ்வுயிரியின் வாழ்க்கைச் சுழலை ஆராய்ந்து வெளியிட்டார். அவருக்கு ஆராய்ச்சிப் பொருளாக அமைந்தது, இந்தியாவிலிருந்து அங்கே படிக்கச் சென்றிருந்த ஒரு மாணவனின் மூக்கில் வளர்ந்த சதை. சென்னையில் சத்தியநாராயணா என்ற காது மூக்குத் தொண்டை மருத்துவர் 255 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 1960இல் வெளியிட்டார். இலங்கையில் கருணாரத்தினா என்ற நோயியல் பேராசிரியர் 1964இல் இதைப்பற்றித் தனி நூலே எழுதினார்.

இந்தப் பாலிப் சிவந்து, முற்றிய செம்முசுக்கட்டைப் பழம் போலச் சொரசொரப்பாக இருக்கும். அதன்மேல் வெண்மையான பொடிப் புள்ளிகள் தூவியது போலக் காணப்படும். ஒவ்வொரு புள்ளியும் அவ்வுயிரியின் ஒரு வித்துப்பை. ஒரு பைக்குள் ஆயிரக்கணக்கான நுண்வித்துகள் அடைந்திருக்கும். பை முதிர்ந்து வெடித்ததும் அவை வெளியேறிப் பக்கத்துச் சவ்வில் புகுந்து மீண்டும் பைகளாகும். சிறிது உராய்ந்தாலும் இரத்தம் கசிவதற்கு, அச்சதையில் நிறைந்திருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களே காரணம். நெடுங்காலம் இதைக் காளான் இனம் என்றே அறிஞர் கருதி வந்தனர். 1999ஆம் ஆண்டையொட்டி நடந்த மரபணு ஆராய்ச்சிகள், மீன்களையும் தவளை இனங்களையும் பற்றும் நீர்வாழ் ஒட்டுண்ணிகளே இதன் நெருங்கிய உறவினர் என்று காட்டின. இவ்வுண்மை வெளிப்பட்டபோது, குளத்தில் குளிப்பவர்களையும் ஆற்றுமணல் அள்ளுபவர்களையும் இந்நோய் மிகுதியாகப் பற்றுகிறது என்று மருத்துவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்ததற்குப் பொருள் விளங்கிற்று. தேங்கிய நீரிலும் மண்ணிலும் உள்ள வித்து, மூக்கின் சவ்வில் ஏற்பட்ட கீறல் வழியே உட்புகுகிறது என்பதே பலரும் ஏற்கும் கருத்து. ஒருவர் மூக்கிலிருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவதாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகையால் இந்நோய் உள்ளவனை ஒதுக்கி வைக்க ஒரு காரணமும் இல்லை.

இதற்கு மருத்துவம், சதையை முழுவதும் வெட்டியெடுத்து அதன் அடியை மின்சூட்டால் தீய்ப்பதே. வேரில் சிறிது தங்கினாலும் மீண்டும் முளைக்கும். அப்படி முளைப்பதைக் குறைக்கத் தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் மருந்தையும் சிலருக்குக் கொடுப்பதுண்டு. இது புற்றுநோய் அன்று. ஆயினும் இரத்தம் இழந்து இழந்து உடல் வெளுப்பதும், சதை தொண்டைப் பக்கம் இறங்கி மூச்சை அடைப்பதும் உண்டு. கண்ணின் உள்ளிமையிலும் இது தோன்றலாம். சிலர் நூலால் சுருக்கிட்டும், காரமருந்து வைத்தும் இதை அறுக்க முயல்வார்கள். அது நெருப்போடு விளையாடுவதை ஒக்கும்.

குளத்தில் குளிக்கவே கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நீந்தத் தெரியாத பிள்ளையாக உங்களை வளர்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கால்நடைகள் கலக்குகின்ற, வற்றித் தேங்கிய நீரில் மூழ்க வேண்டா. சேற்றில் புரண்ட விரலை மூக்கில் விட வேண்டா. குளித்தபின் நல்ல நீரால் முகத்தைக் கழுவுங்கள். மூக்கில் ஒரு பக்கம் அடைப்பும் அடிக்கடி இரத்தமும் கண்டால், உடம்புச் சூடு என்று ஓராண்டு காத்திராதீர்கள்.

மூக்குப் பாலிப்பு ஒரு வகையில் நமக்கு நண்பன். மூச்சை அடைத்து, இரத்தம் காட்டித் தன் வரவைத் தானே சொல்லிவிடுகிறது. தொண்டையில் குரல்நாண்மேல் வரும் பாலிப்பும் அத்தகையதே. ஓயாமல் உரத்துப் பேசும் ஆசிரியர்களுக்கும், தெருவில் கூவி விற்பவர்களுக்கும், இரவெல்லாம் குரலெடுக்கும் தெருக்கூத்துக் கலைஞர்களுக்கும் அது வரும். குரல் கம்மியது மூன்று வாரத்துக்கு மேலும் தெளியாவிட்டால் தொண்டையைக் காட்ட வேண்டும். கருப்பையில் வரும் பாலிப்பு மாதவிலக்கின் ஒழுங்கைக் குலைக்கும். மாதவிலக்கு நின்றுபோன வயதில் இரத்தம் காணுமாயின் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. பித்தப்பையில் காண்பவை பெரும்பாலும் கொழுப்புப் படிவுகளே. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால்தான் மருத்துவர் அறுவையை நினைப்பார். இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். ஏனெனில் இனிச் சொல்லப்போவதற்கு நேரம் வேண்டும்.

நான் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டு. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் பெரியப்பா கரும்பு வயலிலிருந்து வந்து திண்ணையில் அமர்ந்தார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், 'தம்பி, வெளிக்குப் போகும்போது இரத்தம் போகிறது. வலி ஒன்றும் இல்லை. மூலந்தானே?' என்று கேட்டார். அறுபது வயதில் அவர் தம் கூச்சத்தை விட்டு என்னிடம் கேட்ட கேள்வி அது. நான் எலும்புகளின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்திருந்த காலம். ஆனாலும் டாக்டர் தம்பி என்று அழைத்த பெருமை என் தலைக்கு ஏறியிருந்தது. 'மூலமாகத்தான் இருக்கும், பெரியப்பா. காரத்தைக் குறையுங்கள்' என்றேன். அவரும் காரத்தைக் குறைத்தார். துத்திக் கீரை உண்டார். மூன்று ஆண்டுகள் அப்படியே கழிந்தன. நான் நோயியல் வகுப்பில் பெருங்குடல் பாலிப்பைப் பற்றிப் படித்த அதே ஆண்டில், அவருக்கு வயிறு உப்பி மலம் அடைத்துக்கொண்டது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது பெருங்குடலில் தோன்றிய புற்று ஈரலுக்கும் பரவியிருந்தது. அடுத்த பொங்கலை அவர் காணவில்லை.

அன்று எனக்குத் தெரியாதிருந்ததை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

நம் பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. அதன் உட்சவ்வு ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. உணவுக் கழிவு உராய்ந்து செல்லும் இடமாகையால், மேலுள்ள உயிரணுக்கள் சில நாளுக்கு ஒரு முறை உதிர்ந்துபோகப் புதியன பிறந்து அவ்விடத்தை நிரப்புகின்றன. ஒவ்வொரு பிறப்பிலும் மரபணுச் செய்தி முழுவதும் படியெடுக்கப்படுகிறது. ஏடு பெயர்த்தெழுதுவோர் கையில் எழுத்துப்பிழை நேர்வது போல, இப்படியெடுப்பிலும் எங்கேனும் ஒரு பிழை நேரும். பெரும்பாலான பிழைகளை உடம்பே திருத்திவிடும். திருந்தாத பிழை, வளர்ச்சியை அடக்கும் ஒரு மரபணுவில் விழுந்துவிட்டால், அவ்வுயிரணுவின் வழித்தோன்றல்கள் அளவின்றிப் பெருகிச் சிறு மொட்டாக எழும்புகின்றன. இதற்கு அடினோமா என்று பெயர். இதுவே நான் சொன்ன மூன்றாம் வகைப் பாலிப்.

இம்மொட்டு புற்றுநோய் அன்று. அடினோமாக்களுள் பெரும்பாலானவை ஒருபோதும் புற்றாவதில்லை. ஆனால் பெருங்குடற் புற்றுநோய்களுள் மிகப் பெரும்பகுதி இத்தகைய பாலிப்பிலிருந்தே தொடங்கியவை. முதற்பிழையின்மேல் இரண்டாம் பிழை, அதன்மேல் மூன்றாம் பிழை என்று அடுக்கடுக்காகச் சேர்ந்து மொட்டு புற்றாக மாறுகிறது. இந்தப் படிமுறையை 1988இல் அமெரிக்காவின் வோகெல்ஸ்டைன் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் மரபணுக்களைக் கொண்டு விளக்கினர். இம்மாற்றத்துக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பாலிப்பிலும், உயிரணுக்களின் அமைப்பு மிகவும் குலைந்த பாலிப்பிலும் அபாயம் கூடுதல்.

பத்து ஆண்டு என்பதை மனத்தில் இருத்துங்கள். வேறு எத்தனையோ நோய்கள் நம்மீது பாய்ந்து விழுகின்றன. இதுவோ பத்து ஆண்டுத் தவணை தருகிறது. அத்தவணைக்குள் மொட்டைக் கிள்ளிவிட்டால் புற்று என்பதே பிறப்பதில்லை. ஆனால் அந்தப் பத்து ஆண்டும் அது வாய் திறப்பதில்லை. குடலின் உட்சவ்வுக்கு வெட்டினால் வலியை உணரும் நரம்பு இல்லை. ஆதலால் மொட்டு வளர்ந்தாலும் வலி கிடையாது. எப்போதேனும் சிறிது இரத்தம் கசியும். அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் மலத்தோடு கலந்து போகும். வலி இல்லை, ஆகவே நோய் இல்லை என்பது நம் மக்களின் பொதுவான எண்ணம். என் பெரியப்பா 'வலி ஒன்றும் இல்லை' என்று சொன்னபோது எனக்கு நிம்மதி உண்டாயிற்று. உண்மையில் நான் அஞ்சியிருக்க வேண்டிய சொல் அதுவே.

சில குடும்பங்களில் இந்நிலை மரபு வழியாகவே வருகிறது. ஐந்தாம் குரோமோசோமில் உள்ள ஏ.பி.சி. என்னும் மரபணுவில் பிறவியிலேயே பிழை இருந்தால், பத்தும் பதினைந்துமான வயதிலேயே பெருங்குடலில் நூற்றுக்கணக்கான, சிலருக்கு ஆயிரக்கணக்கான பாலிப்புகள் முளைக்கத் தொடங்கும். மருத்துவம் செய்யாவிட்டால் நாற்பது வயதையொட்டி அவற்றுள் ஒன்றேனும் புற்றாவது ஏறக்குறைய உறுதி. பெற்றோருள் ஒருவருக்கு இப்பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இம்மரபணு கண்டறியப்பட்ட ஆண்டு 1991. 'எங்கள் வீட்டில் எல்லாரும் இளவயதில் வயிற்று நோயால் போனார்கள்; அது தலைவிதி' என்று ஒரு குடும்பம் சொல்லுமானால், அந்தத் தலைவிதியின் எழுத்தை இன்று சோதனைச்சாலையில் படிக்க முடியும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சிறு குழந்தைகளுக்கு வலியின்றி மலத்தில் இரத்தம் போவதற்கும் பாலிப்பு காரணமாகலாம். அது பெரும்பாலும் ஒற்றையாக, தீங்கற்றதாக இருக்கும், எடுத்துவிட்டால் தீர்ந்தது.

குடலின் இருட்டில் ஒளிந்திருக்கும் மொட்டை எப்படிக் காண்பது? வளைந்து கொடுக்கும் மெல்லிய குழாயின் முனையில் விளக்கும் பார்வைக் கருவியும் பொருத்தி, ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் முறைக்குக் கொலோனோஸ்கோப்பி என்று பெயர். 1969இல் நியூயார்க்கில் உல்ஃப், ஷின்யா என்ற இரு அறுவை மருத்துவர்கள் அதில் ஓர் அரிய படியை எடுத்து வைத்தார்கள். குழாயின் வழியே கம்பிச் சுருக்கு ஒன்றை அனுப்பி, பாலிப்பின் காம்பில் மாட்டி, மின்சாரத்தால் அறுத்தெடுத்தார்கள். அதுவரை வயிற்றைக் கிழித்துத்தான் அடைய முடிந்த இடத்தை, கத்தி படாமல் அடைந்தார்கள். மாம்பிஞ்சைக் கொம்பில் சுருக்கிட்டுப் பறிப்பது போன்ற வேலைதான். ஆனால் அதனால் பிழைத்த உயிர்கள் எண்ணற்றவை. அமெரிக்காவில் பாலிப்பு நீக்கப்பட்ட 1,418 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1993இல் வெளிவந்தது. அவர்களிடையே பெருங்குடற் புற்று, எதிர்பார்த்த அளவைவிட நூற்றுக்கு 76 முதல் 90 பங்கு வரை குறைந்திருந்தது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ரொனால்டு ரீகனுக்கு 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் இந்தக் குழாய்ச் சோதனை நடந்தது. சிறிய பாலிப்பு ஒன்றை நீக்கப் போனவர்கள், பெருங்குடலின் தொடக்கத்தில் பெரிய பாலிப்பு ஒன்றைக் கண்டார்கள். மறுநாளே அறுவை செய்து குடலின் அப்பகுதியை எடுத்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தபோது அதில் புற்று தொடங்கியிருந்தது. அப்போது அவருக்கு வயது 74. அதன்பின் 19 ஆண்டுகள் வாழ்ந்து, 2004இல் தம் 93ஆம் வயதில் காலமானார். அவருக்கு வந்ததும் என் பெரியப்பாவுக்கு வந்ததும் ஒரே இன நோய். ஒருவருக்கு நோய் பரவுமுன் பார்த்தார்கள். மற்றவருக்குப் பரவிய பின் பார்த்தார்கள். அவ்வளவே வேறுபாடு.

நம் நாட்டிலும் இத்துயரத்திலிருந்து ஒரு நன்மை விளைந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை மலக்குடற் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்த மரணம் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததற்கு அதுவே வித்து. ஒரு தங்கைக்காக அழுத கண்ணீர், ஊராருக்கெல்லாம் மருந்தாயிற்று.

இனி நாம் செய்ய வேண்டியவை யாவை? மலத்தில் இரத்தம் கண்டால், 'மூலம்' என்று நாமே பெயரிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூலமும் உண்மையில் இருக்கலாம். மூலத்தோடு பாலிப்பும் இருக்கலாம். வழக்கமாக இருந்த மலப்போக்கு சில வாரமாக மாறியிருந்தால், காரணமின்றி உடல் வெளுத்து இரத்தசோகை உண்டானால், எடை குறைந்தால் காத்திருத்தல் கூடாது. பெற்றோர், உடன்பிறந்தார் எவருக்கேனும் குடற்புற்று வந்திருந்தால், நோய்க்குறி ஒன்றும் இல்லாவிடினும் நாற்பது வயதிலேயே சோதித்துக்கொள்வது நன்று. உறவினருக்கு நோய் இளவயதில் வந்திருந்தால் அதற்கும் முன்பே. பல நாடுகளில் 45 அல்லது 50 வயதான எல்லாரையும் சோதிக்கிறார்கள். மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் காட்டும் எளிய சோதனையும் உண்டு. புகையிலையும் மதுவும் இந்நோயை வளர்ப்பவை. பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணங்களுள் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு 2015இல் சேர்த்தது. கீரை, காய், பயறு, தவிடு நீங்காத தானியம் ஆகியவை நார்ச்சத்து தந்து குடலைக் காப்பவை. நம் முன்னோர் உண்ட கேழ்வரகும் கம்பும் இவ்வகையில் நல்ல துணை.

பாலிப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்சவும் வேண்டா. 'பாலிப்பு எடுத்தோம்' என்று மருத்துவர் சொன்னால், 'நுண்ணோக்கிச் சோதனையில் என்ன தெரிந்தது? அடுத்து எப்போது பார்க்க வேண்டும்?' என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒரு முறை முளைத்த குடலில் மறுமுறையும் முளைக்கலாம். ஆதலால் மருத்துவர் குறித்த ஆண்டில் மீண்டும் பார்த்துக்கொள்வது கடமை.

இவையெல்லாம் மாணவர்களாகிய உங்களுக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் வயதில் குடற்பாலிப்பு அரிது என்பது மெய்தான். ஆனால் உங்கள் வீட்டில் உங்கள் தாத்தாவும் பாட்டியும், தாயும் தந்தையும் இருக்கிறார்கள். ஆசனவாயைப் பற்றியும் கருப்பையைப் பற்றியும் பேசக் கூசுகின்ற வீடுகள் நம்முடையவை. அந்தக் கூச்சம் நம் பண்பாடு என்று நினைக்கிறோம். பல வேளைகளில் அதுவே எமனுக்குக் கதவு திறந்துவிடுகிறது. படித்த பிள்ளையிடந்தான் பெரியவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அப்படிக் கேட்கும்போது, தெரிந்தவன் போல விடை சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். பெண்ணாடத்தில் இரயில் ஏறினால் விருத்தாசலம் சிறிது தூரந்தான். சிதம்பரம் அண்ணாமலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வழி இருக்கிறது, போகும் மனந்தான் வேண்டும்.

என் தோழனின் கதையை முடிக்கவில்லை அல்லவா? அவனுக்கு அறுவை செய்து சதையை எடுத்தார்கள். இரண்டாண்டு கழித்து மீண்டும் சிறிது முளைத்தது. இம்முறை அவன் காத்திருக்கவில்லை. இரத்தம் கண்ட மறுநாளே போனான். அதன்பின் வரவில்லை. இன்று அவன் பேரன் பேத்தி எடுத்தவன். பேரனை நீந்தப் பழக்குகிறான். ஆனால் நீர் வற்றிக் கலங்கிய குளத்தில் இறங்க விடுவதில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அவனைப் பார்க்கிறேன். அவன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி என் பெரியப்பாவின் திண்ணை இருக்கிறது. அதில் அமர எனக்கு இன்னும் மனம் வருவதில்லை.

மெய்யைக் காண்பது என்றால் உண்மையைக் காண்பது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லுவார்கள். உடம்பின் மெய்யைக் காண்பதற்கும் அதே துணிவு வேண்டும் என்பதை நான் பிந்திக் கற்றேன். நீங்கள் முந்திக் கற்றுக்கொள்ளுங்கள்.